அம்மாவின் ஜெபக் குறிப்பில் என் பெயர்

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், வேலை சென்னையில். பெந்தெகொஸ்தே கிறிஸ்தவக் குடும்பம். 17 வயதில் ஞானஸ்நானம் எடுத்து, வாலிபர் கூட்டத்தில் கித்தார் வாசித்தவன். ஆறு வருடமாக நம்பிக்கை இல்லை, சபைக்குப் போவதில்லை. சென்னைச் சிநேகிதர்கள் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் அம்மா. வெள்ளிதோறும் எனக்காக உபவாசம். 'பின்மாற்றத்தில் இருக்கும் மகன்', அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவன், என்று சபையில் ஜெபக் குறிப்பு வேறு வாசிக்கிறார்கள். சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது நாலு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார்கள். என்னால் மறக்க முடியவில்லை. மே மாதம் தங்கைக்குக் கல்யாணம். அம்மா மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். தவறா?
- பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: கல்யாணத்துக்குப் போங்கள், தம்பி. உங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ள வழக்கில் தங்கையைப் பணயம் வைக்காதீர்கள்.

'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து. அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்.' நீதிமொழிகள் 22:6. உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். நீங்கள் அந்த வழியை விட்டுவிட்டீர்கள். அப்படியானால் நடத்தியவர் சரியாக நடத்தவில்லை என்றுதானே ஆகிறது? உங்கள் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் அம்மா காதில் விழுவது இந்தக் குற்றச்சாட்டுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவருக்குச் சென்னைச் சிநேகிதர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் பழி அவர் மேலேயே வந்து விழும். நரகம் என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குச் சரி. ராத்திரி தூக்கம் கெட்டுப் படுத்திருப்பது அவர்தானே.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. முதல் நாளே அம்மா உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், இன்றைக்கு விசுவாசியாக இருந்திருப்பீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. படித்து, யோசித்து வெளியே வந்தவர் நீங்கள். 'சிநேகிதர்கள் கெடுத்தார்கள்' என்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது, நியாயம். 'அம்மாவால்தான் விட்டேன்' என்று நீங்கள் சொன்னாலும் அதே கதைதான். உங்களுக்கென்று ஒரு மூளை இருப்பதை இரண்டு பேச்சுமே மறந்துவிடுகின்றன.

காய்ச்சல் வேறு, நம்பிக்கை வேறு. காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை டாக்டரிடம் காட்டாதது தப்பு, அதை மழுப்ப மாட்டேன். அதை அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சலாக மட்டும் சொல்லுங்கள்: 'அம்மா, அந்த நாலு நாளும் நான் ரொம்பப் பயந்துபோயிருந்தேன்.' பாஸ்டர், தசமபாகம் (சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு) என்று எதையும் அதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். 'கர்த்தர்தானேடா சுகம் கொடுத்தார்' என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் சொல்லட்டும், பதிலுக்குப் பதில் வேண்டாம். எழுந்து போய்க் காபி போடுங்கள். மன்னிப்பு அன்றைக்கு வராது. ஒருவேளை வராமலே போகலாம்.

ஜெபக் குறிப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். 'வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபம் பண்ணுங்கள், சபையில் என் பெயரை வாசிக்க வேண்டாம்' என்று அம்மாவிடம் நேரில் கேளுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று செய்யலாம். ஊழியக்காரர்களைக் கிண்டல் செய்யும் வீடியோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கம் இருந்தால் (கடிதத்தில் இல்லை, என் சந்தேகம்!) இன்றோடு நிறுத்துங்கள்.

ராமாயணத்தைத் தமிழ் உரைநடையில் எழுதியவர் ராஜாஜி. ராமர் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்தியவர் பெரியார். மேடையில் ஒருவரையொருவர் விட்டுவைத்ததில்லை. ஆனாலும் 1949-இல் தன் மறுமணம் பற்றிப் பேசப் பெரியார் திருவண்ணாமலைக்குப் போய்ச் சந்தித்தது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதுப் பெரியார் வந்து குலுங்கி அழுதார். கடைசிவரை இவரும் பக்தராகவில்லை, அவரும் நாத்திகராகவில்லை.

கல்யாணத்தில் ஜெபத்துக்கு எல்லோரும் எழும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள். ஆமென் சொல்ல வேண்டியதில்லை. ஊர் வாய்க்குப் பயந்து இராப்போஜனம் (சபையில் விசுவாசிகள் எடுக்கும் அப்பமும் ரசமும்) மட்டும் எடுக்காதீர்கள். உங்களுக்கும் அது பொய், அம்மாவுக்கும் அது பெரிய மனக்கஷ்டம். தங்கை கித்தார் வாசிக்கச் சொன்னால்? அது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் வாசித்துவிடுவேன். அவள் கேட்கிறாளே.