எடை அப்படியே நிற்கிறது, பெல்ட் மட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்கணுமா?

கேள்வி: ஆண், வயது 32, உயரம் 170 செ.மீ. மூன்று மாதமாக வாரம் நான்கு நாள் ஜிம் போகிறேன். எடை 70 கிலோவிலிருந்து 69.5 ஆகத்தான் இறங்கியிருக்கிறது. பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. ஜிம் மெஷினில் கொழுப்பு 30 சதவீதம் இருந்தது, இப்போது 26 காட்டுகிறது. எடை இறங்கவே மாட்டேன் என்கிறதே, ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீங்க. நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

70 கிலோவில் 30 சதவீதம் என்றால் கொழுப்பு 21 கிலோ. மீதி 49 கிலோ தசை, எலும்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. 69.5-இல் 26 சதவீதம் என்றால் கொழுப்பு 18 கிலோ, மீதி 51.5. கொழுப்பில் 3 கிலோ போய், மற்றதில் 2.5 கிலோ ஏறியிருக்கிறது. வெயிங் மெஷினுக்கு இந்த வரவு செலவு தெரியாது, கடைசி மிச்சத்தை மட்டும் "அரை கிலோ" என்று சொல்கிறது. இப்போது இடத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 0.9 கிலோ, ஒரு லிட்டர் தசை சுமார் 1.06 கிலோ. 3 கிலோ கொழுப்பு அடைத்துக்கொண்டிருந்த இடம் 3.3 லிட்டர். ஏறிய 2.5 கிலோவைத் தசை என்றே வைத்துக்கொண்டாலும் 2.4 லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு உடம்பு சுருங்கியிருக்கிறது. தொப்பையில் இறங்கி, தோளிலும் தொடையிலும் ஏறியிருப்பதால் பெல்ட்டில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

அந்த 2.5 கிலோ முழுவதும் தசை என்று நம்பிவிட வேண்டாம். பயிற்சி தொடங்கியதும் தசைக்குள் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கூடுதலாகச் சேரும், ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கிரியாட்டின் என்கிற ஜிம் பவுடர் எடுப்பவர் என்றால் தண்ணீரே ஒரு கிலோவுக்கு மேல் ஏறலாம். கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினும் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. சின்ன மின்சாரத்தை உடம்பு வழியே அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்த்து, தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. வியர்த்து வழிய ஏறினால் ஒரு எண், காலையில் வெறும் வயிற்றில் ஏறினால் வேறு எண். ஒரே மெஷின், ஒரே நேரம், பயிற்சிக்கு முன் என்று வைத்துக்கொண்டு போக்கை மட்டும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அதை நம்பலாம் என்பதற்குச் சாட்சி பெல்ட்தான். ஓட்டைகளுக்கு நடுவே பொதுவாக ஒரு இஞ்ச் இருக்கும்.

ஆனால் பெல்ட்டோடு நிற்காமல் இஞ்ச் டேப்புக்கு வாருங்கள். நம்மூர் ஆண்களில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். 34 சைஸ் பேன்ட் போடுகிறவருக்கு உண்மையான இடுப்புச் சுற்றளவு 38 இஞ்ச் இருக்கலாம், அவரும் "என் இடுப்பு 34" என்று நிம்மதியாக இருப்பார்.

அளக்கும் இடம் இது: பக்கவாட்டில் கையை வைத்து விலா எலும்பின் கடைசி ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டும். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி. சட்டையைத் தூக்கிவிட்டு, அந்தப் புள்ளி வழியாக டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, கண்ணாடி முன் நின்றால் தெரிந்துவிடும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, அதன் முடிவில் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கவும் கூடாது, டேப் தோலில் பதியவும் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் அளங்கள். தையல்காரர் பல வருஷம் இழுத்த பழைய டேப் நீண்டுபோயிருக்கும், ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், சாப்பிடும் முன் அளந்தால் போதும்.

இந்தியர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது தாண்டக் கூடாத கோடு. இன்னும் எளிய விதி, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்கள் 170-க்கு அது 85 செ.மீ. அடுத்த இலக்காக எடையை வைக்காமல் இந்த 85-ஐ வையுங்கள்.

நமக்கு ஏன் இந்தக் கறார்? 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யூட்கினும். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றேதான், 22.3. ஸ்கேன் எடுத்தால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்கிற நம் உடல்வாகுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. தொப்பைக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் கல்லீரலையும் சர்க்கரையையும் கெடுப்பது. வெயிங் மெஷினில் அது தெரியாது, டேப்பில் ஓரளவு தெரியும். உங்கள் பி.எம்.ஐ. 24 சொச்சம். இந்தியர்களுக்கான கணக்கில் 23-ஐத் தாண்டினாலே அதிகம் என்பதால் இறங்க இடம் இருக்கிறது. ஆனால் எதில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒரு அளவு வேண்டும், அதுதான் வலு. மார்பு தரைக்கு அருகே போய் வரும் முழுத் தண்டால் ஒரே மூச்சில் எத்தனை, பஸ்கியில் தோளில் எவ்வளவு எடை வைத்து 8 முறை எழ முடிகிறது, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். மூச்சுக்கு ஒரு சோதனை: ஒரு அடி உயரமுள்ள ஆடாத பலகையில் 3 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஆப்) நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால் அசைவு. முடிந்ததும் உடனே உட்கார்ந்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். மாதம் ஒரு முறை செய்து, உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், எண் குறைந்தால் இதயம் தேறுகிறது. நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் படிக்கலாம். எடை நிற்கிறது, இடுப்பு இறங்குகிறது, வலு ஏறுகிறது என்றால் எதையும் மாற்றாதீங்க. நீங்கள் இருப்பது இங்கேதான். எடை ஏறி, வலுவும் ஏறி, இடுப்பும் ஏறினால் சாப்பாடு கொஞ்சம் அதிகம், ஒரு கரண்டிச் சோறு குறையுங்கள். எடை இறங்கி, இடுப்பு அப்படியே இருந்து, தண்டால் 15-லிருந்து 10-க்கு வந்தால் கரைவது தசை. வெயிங் மெஷின் மட்டும் பார்க்கிறவர் இதைத்தான் வெற்றி என்று கொண்டாடுவார். ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினால் நீங்கள் போய் நிற்கப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். வலுப் பயிற்சி இல்லாமல் பட்டினியால் குறைக்கும் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு கொழுப்பில்லாத உடம்பிலிருந்து போகும்.

நிறுத்துவதற்குப் பதில் தட்டை மாற்றுங்கள். பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம், உங்களுக்கு நாளைக்கு 85 முதல் 110 கிராம். நான்கு இட்லியில் 8 கிராம்தான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள்; ஒரு கரண்டியில் 2, 3 கிராம் வந்தால் அதிகம், மீதி தண்ணீரும் புளியும். இட்லி, சோறு, சப்பாத்தி என்று ஓடும் நாளில் 50-ஐத் தொடுவதே பாடு. இரண்டு முட்டை 12, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராம் எடுத்தால் 22, உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு இதில் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

எடையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் தினமும் காலைக்கடன் முடித்து, டைல்ஸ் தரையில் மெஷினை வைத்து ஏறி, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு திங்கள் ஒன்றரை கிலோ ஏறும். உப்பும் சோறும் பிடித்த தண்ணீர் அது, புதன் வியாழனில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்பும் இதே கதை, அதனால் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஜிம்மில் "தசை ஏறினால் தூங்கும்போதும் நூற்றுக்கணக்கில் கலோரி எரியும்" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் எரிக்கும், ஒரு வாய்ச் சோறு. அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீங்க.

கொழுப்பு இறங்கும்போதே தசை ஏறும் இந்தச் சலுகை புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான் தாராளமாகக் கிடைக்கும், போகப் போக மந்தமாகும். ஆறு வாரமாக இடுப்பும் எடையும் இரண்டுமே அசையவில்லை என்றால் அப்போது நாளுக்கு 300 கலோரி குறையுங்கள். முதலில் டீ சர்க்கரை, மிக்சர், எண்ணெய். புரதத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் எடைதான் பேச வேண்டும். முயற்சி இல்லாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம் இறங்கினாலோ, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, டேப்பை எடுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.