குனுகேஷும் சில்லறைக் கணக்கும்: நிரல் எழுதுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: சொந்தக் கணக்குக்காக ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். தொகையை 'டபுள்' என்ற பைனரி மிதவைப் புள்ளி எண் வகையில் வைத்துவிட்டு, கடைசியில் இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் போதாதா?

பதில்: போதாது. எண்ணை இரண்டின் அடிமானத்தில் வைக்கும் பைனரி மிதவைப் புள்ளியில் 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக வைக்கவே வழியில்லை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் பற்றும் வரவும் நேர் ஆகவேண்டும், அங்கே 'கிட்டத்தட்ட' செல்லாது. குனுகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருள் தொகையைப் பின்னமாகவே வைத்துக்கொள்கிறது. அதன் எக்ஸ்எம்எல் கோப்பை ஜிஸிப் சுருக்கத்திலிருந்து விரித்துப் பார்த்தால் 150.25 என்பது 15025/100 என்று இருக்கும். பரஸ்பர நிதி யூனிட்டுக்கு நான்கு தசமம் வேண்டுமா? பின்னத்தின் கீழே 10000 போட்டால் முடிந்தது. பீன்கவுண்ட் என்ற இன்னொரு கணக்கு மென்பொருள் வேறு வழியில், பைத்தானின் 'டெசிமல்' என்ற தசம எண் வகையை வைத்து இதையே சாதிக்கிறது.

ஆனால் வகுக்கும்போது எந்த வகையும் உங்களைக் காப்பாற்றாது. 100.00-ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 33.33, மொத்தம் 99.99. மிச்சம் 0.01 எந்தப் பதிவுக்குப் போகும் என்பதை நிரல் முடிவு செய்தே ஆகவேண்டும். நான் கடைசிப் பதிவில் சேர்ப்பேன். அப்படியே விட்டால் குனுகேஷ் அதைச் சமன் ஆகாத தொகைக்கான 'இம்பேலன்ஸ்' கணக்கில் தள்ளிவிடும். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பயனர்தான் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: அண்ணா, கணினியின் நேர மண்டலத்தை மாற்றினால் என் நிரலில் சில பதிவுகள் ஒரு நாள் பின்னால் போய்விடுகின்றன. ஏன்?

பதில்: தேதியை 'உள்ளூர் நள்ளிரவு' என்று நேரமாகப் பதிந்திருப்பீர்கள். யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) முந்தி ஓடும் மண்டலத்தின் நள்ளிரவு, யுடிசியில் முந்தைய நாள். அதை யுடிசி மண்டலத்தில் திறந்தால் தேதி நகரத்தானே செய்யும்? குனுகேஷிலும் இந்தத் தொல்லை இருந்தது. இப்போது அது பதிவுத் தேதியை யுடிசி 10:59 என்று சேமிக்கிறது. மண்டல வித்தியாசமாக 13 மணி நேரம் கூட்டினால் 23:59, 10 மணி நேரம் கழித்தால் 00:59. இரண்டும் அதே நாள். எனக்குப் பிடித்த தீர்வு இது, ஆனாலும் பழைய சுமையைச் சுமக்கும் தீர்வு. புதிதாக எழுதும் நீங்கள் நேரமே இல்லாத வெறும் தேதியாக வையுங்கள்.

கேள்வி: குனுகேஷ் கணக்கை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமித்தால் இருவர் ஒரே சமயத்தில் பதியலாமா?

பதில்: கூடாது. குனுகேஷ் தரவுத்தளத்தை ஒரு சேமிப்பிடமாக மட்டுமே பயன்படுத்துகிறது. திறந்ததும் எல்லாவற்றையும் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும், அப்புறம் மற்றவர் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வேறு தரவுத்தளம் போட்டாலும் இதே கதைதான்.

கேள்வி: வங்கிக் கோப்பை இறக்கும்போது ஒரே பதிவு இரண்டு முறை வருகிறது. தேதி, தொகை, விவரம் மூன்றையும் சேர்த்து ஹாஷ் செய்து (ஒரே அடையாளமாகச் சுருக்கி) தடுக்கலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஒரே நாளில் ஒரே கட்டணத்தில் இரண்டு பயணச்சீட்டு வாங்கியவரின் இரண்டாவது செலவு சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டு முறை வந்த பதிவு கண்ணில் படும், விடுபட்ட பதிவு படாது. அதனால் விடுபடுவதுதான் பெரிய கேடு. ஓஎஃப்எக்ஸ் (வங்கிப் பதிவுகளுக்கான ஒரு வடிவம்) கோப்பு என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் 'எஃப்ஐடிஐடி' அடையாளம் இருக்கும், முதலில் அதை ஒப்பிடுங்கள். சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணைக் கோப்பு) பெரும்பாலும் அது இருக்காது. அங்கே தேதி, தொகை நெருக்கத்தை வைத்துச் சந்தேகத்தைக் காட்டுங்கள், முடிவைப் பயனரிடம் விடுங்கள்.

கேள்வி: சேமிக்கும் முன் குனுகேஷ் முடங்கிவிட்டது. பதிந்தவை போனதுதானா?

பதில்: போகவில்லை. கணக்குக் கோப்பின் பக்கத்திலேயே நேர முத்திரையுடன் '.லாக்' கோப்பு இருக்கும். கடைசியாகச் சேமித்த கோப்பைத் திறந்து, இறக்குமதி மெனுவில் அந்த லாகை மறுபடி ஓட்டுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குனுகேஷில் கண்ட பக்கை (நிரல் பிழையை) உருவாக்குநர்களிடம் பதிய என் கணக்குக் கோப்பையே இணைக்கலாமா?

பதில்: வேண்டாம், அதில் உங்கள் வாழ்க்கையே இருக்கிறது. புதுக் கோப்பில் இரண்டு கணக்கு, பொய்த் தொகையில் ஒரு பரிவர்த்தனை போட்டு, அதே பக் வருகிறதா பாருங்கள். வந்தால் அதை இணையுங்கள். பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.