ஒளித்துவைத்த பெட்டி, கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் என் இரண்டு பிள்ளைகளோடு ஒரு காட்டுப்பாதையில், யாரோ ஒளித்துவைத்த பெட்டியைப் போன் காட்டும் வழியில் தேடும் விளையாட்டுக்குப் போனேன். கண்டுபிடித்ததும் ஒரே கும்மாளம். திரும்பும்போது, “வழியில் என்னவெல்லாம் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. போனில் தெரிந்த அம்புக்குறியைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். காட்டை வெறும் விளையாட்டு மைதானமாக்கிக் கெடுக்கிறோமோ என்று உறுத்துகிறது. அவர்களோ மறுபடி போகலாம் என்கிறார்கள். இந்தமுறை நானே பெட்டியை ஒளித்துக் குறிப்பு எழுதலாமா?

ச.

அன்புள்ள ச.,

கட்டாயம் எழுதுங்கள். குறை உங்கள் பிள்ளைகளிடம் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த குறிப்பில் இருக்கிறது. ‘இன்னும் அறுபது மீட்டர், இந்தப் பக்கம்’ என்று காட்டும் அம்பு, சுற்றிப் பார்க்கும்படி யாரையும் கேட்பதில்லை.

இந்த விளையாட்டு இரண்டு வழிகளில் வந்தது. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் லெட்டர்பாக்ஸிங். பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் நோட்டும் இருக்கும். வருபவர் அந்த முத்திரையைத் தன் நோட்டிலும், தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் குத்திக்கொள்வார். அங்கே வழி சொல்வது பெரும்பாலும் சொற்கள்தான். இந்தப் பாறைமேல் நில், எதிர்க் குன்றின் உச்சியைப் பார், காம்பஸில் இத்தனை பாகை திரும்பு, இத்தனை எட்டு வை.

இன்னொன்று 2000ஆம் ஆண்டில் வந்தது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் பிறந்தது. இதில் வழி சொல்வது எண்.

எண்ணை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறும், பல மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால்தான் தேட வேண்டியிருக்கும். நீங்கள் அந்தப் பத்து மீட்டரைப் பாதை முழுக்க நீட்டிவிடுங்கள்.

எப்படி? ஒவ்வொரு குறிப்புக்கும் அந்த இடத்தில் நின்றால் மட்டுமே விடை கிடைக்க வேண்டும். ‘பிளந்து நிற்கும் பாறையில் எந்தப் பக்கம் பாசி அதிகமோ, அந்தப் பக்கம் போ.’ இதைப் படித்த பிள்ளை பாறையை ஒரு சுற்று சுற்றாமல் இருக்க முடியாது. ‘பக்கத்தில் நிற்கும் இரண்டு பெரிய மரங்களில் எதன் பட்டை சொரசொரப்பு?’ என்று கேட்டால் கை வேலைசெய்யும். காதுக்கும் ஒன்று வேண்டும் என்பேன், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வகை: ‘ஓடையின் சத்தம் முதன்முதலில் கேட்கும் இடத்தில் நில்.’ இதற்கு விடை தேட எல்லோரும் பேச்சை நிறுத்தியாக வேண்டும். ஓடை வற்றாத ஓடையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூ, புற்று, விழுந்து கிடக்கும் கிளை ஆகியவற்றை நம்பி எழுத வேண்டாம். அடுத்த பருவத்தில் இருக்காது. ‘இருபது எட்டு வை’ என்று எழுதினால் யாருடைய எட்டு என்றும் சொல்லிவிடுங்கள்.

காடு கெடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பெட்டி அகப்படாதபோதுதான் ஆட்கள் கல்லைப் புரட்டுகிறார்கள், பாசியை மிதிக்கிறார்கள், பட்டையை உரிக்கிறார்கள். கல்லுக்கு அடியில் குடியிருக்கும் பூச்சிக்கும் பல்லிக்கும் அது வீடு. ஆகவே பாதையில் நின்றபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள், சிரமம் குறிப்பில் இருக்கட்டும். மண்ணில் புதைக்காதீர்கள். தின்பண்டமும் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும். (உல்மரின் வாளியில் ஒரு டின் பீன்ஸ் இருந்தது. இப்போது ஜியோகேச்சிங்கில் உணவு வைக்கக் கூடாது என்பது விதி.) நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் முதலிலேயே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பெட்டியே வேண்டாம். எர்த்கேச் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் ஒளித்துவைத்த பொருள் எதுவும் கிடையாது, பாறையையும் மண்ணடுக்கையும் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கண்டுபிடித்த கணக்கு.

ஒரு குறிப்பையாவது பிள்ளைகளிடம் எழுதக் கொடுங்கள். அப்புறம், பாதை தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்து நடக்கச் சொல்லி, நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர் எங்கே குழம்பிப் புதருக்குள் இறங்குகிறாரோ அந்தக் குறிப்பைத் திருத்துங்கள்.

எனக்கும் அனுப்புங்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதற்காவது விடை சொல்ல முடிந்தால், அதை மாற்றி எழுதச் சொல்வேன்.