கேஸ் தீர்ந்துவிட்டதா, கசிந்துவிட்டதா? கார் ஏ.சி. பற்றிய கேள்விகள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாகக் கோடை தொடங்கும்போது ஏ.சி.க்கு கேஸ் நிரப்புகிறேன். இரண்டே மாதங்களில் குளிர் போய்விடுகிறது. "கேஸ் தீர்ந்துபோவது சகஜம்" என்கிறார் மெக்கானிக்.

பதில்: உங்களை மூன்று முறை ஏமாற்றியிருக்கிறார்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய்கள் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு குறையலாமே தவிர, இரண்டு மாதங்களில் குளிர் நின்றுபோகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் எண்ணெய் கேஸுடன் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் பெரும்பாலும் அதுவும் வெளிப்படும். பானெட்டைத் திறந்து, குழாய் இணைப்புகளிலும், கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் ஓரங்களிலும் டார்ச் அடித்து, பிசுக்கில் புழுதி அப்பிக் கறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை நைட்ரஜன் அழுத்தச் சோதனையாலும், புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தாலும் கண்டுபிடிக்கலாம். கசிவை அடைத்த பிறகு, வெற்றிட பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பானெட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவுக்கே எடைபோட்டு நிரப்ப வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு மீட்டரை மாட்டி, "பாருங்கள், அழுத்தம் சரியாக இருக்கிறது" என்று காட்டுவதை நம்பாதீர்கள். உள்ளே திரவம் கொஞ்சம் எஞ்சியிருந்தாலும் அந்த அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், கேஸின் அளவைக் காட்டாது. எத்தனை கிராம் வெளியே எடுத்தார்கள், எத்தனை கிராம் நிரப்பினார்கள் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பணம் மட்டும் வீணாகவில்லை: பல கார் ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும்.

கேள்வி: கார் ஓடும்போது நல்ல குளிர், சிக்னலில் நின்றால் வெப்பக் காற்று. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஏ.சி.யைப் போட்டுவிட்டு, கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். சுற்றினால், கண்டென்சரில் அடைந்த தூசியைக் கழுவிவிட்டு, கேஸை எடையிட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காற்றே சரியாக வருவதில்லை. எந்த ஃபில்டரையும் மாற்றியதில்லை.

பதில்: காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை இன்றே மாற்றுங்கள். காருடன் தந்த கையேட்டை ஒருமுறையாவது திறந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: கம்ப்ரசர் உள்ளே உடைந்துவிட்டது. பழைய கம்ப்ரசர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன், ஐந்தே வாரங்களில் அதுவும் இறுகி நின்றது. முதல் கம்ப்ரசர் சிதறியபோது உதிர்ந்த உலோகத் தூள் குழாய்களில் அப்படியே கிடக்க, கடைக்காரர் எதையும் சுத்தம் செய்யாமல் மாற்றிக் கொடுத்தார். கேட்டிருக்க வேண்டிய நானும் விலையை மட்டுமே பார்த்தேன். கழற்றிய எண்ணெய் வெள்ளித்துகள் கலந்து சாம்பல் நிறத்தில் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்தக் கம்ப்ரசரைப் போட்டாலும் குழாய்களைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். மெல்லிய தடங்களில் தூள் சிக்கிக்கொள்ளும் கண்டென்சரைப் பெரும்பாலும் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். இத்தனையையும் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: அரை மணி நேரம் குளிர்கிறது, பிறகு காற்று குறைந்துவிடுகிறது. அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டால் சரியாகிறது.

பதில்: காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரில் பனி உறைகிறது. முதலில் கேபின் ஃபில்டர், அடுத்து எவாபரேட்டரின் வெப்ப சென்சார், பிறகு கேஸ் அளவு.