சிக்கன் பில்லும் டிபன் பாக்ஸும்

அலுவலகப் பயணத்தில் சாப்பிட்ட சிக்கன் பிரியாணி பில்லை, 'சுற்றுச்சூழல் கொள்கை' என்று சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பிவிட்டார்கள், இனி டிபன் பாக்ஸையும் திறந்து பார்ப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கொள்கையை அறிவித்த அலுவலகச் சுற்றறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். 2018 ஜூலையில், அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் நிறுவனம், சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி, ஊழியர்களின் இறைச்சி உணவுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. ஆனால் ஊழியர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவதைத் தடுக்கவில்லை. மீனுக்கும் விலக்கு இருந்தது! உங்கள் சுற்றறிக்கையும் நிறுவனத்தின் பணத்தோடு நின்றால், டிபன் பாக்ஸ் தப்பித்தது.

பில் விஷயத்தை மட்டும் விடாதீர்கள். சுற்றறிக்கை வருவதற்கு முன்பே பயணம் முடிந்திருந்தால், தேதியைக் காட்டி எழுத்திலேயே கேளுங்கள். இன்னொன்று: கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சீஸின் கரிம உமிழ்வு (அதைத் தயாரிப்பதில் வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுக்கள்) கோழிக்கறியைவிட அதிகம். உங்கள் கேன்டீனில் சீஸ் பீட்சா இன்னும் தாராளமாகப் போகிறதா?