கிட்டார் டேப் பார்த்து வாசிக்கப் பழகுவது எப்படி? ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறி) தெரியாமல் முடியுமா?

தாராளமாக முடியும். டேப் என்பது ஆறு கம்பிக்கு ஆறு கோடு போட்டு எழுதும் கிட்டார் குறியீடு. அந்த ஆறு கோடும் அவற்றின் மேல் இருக்கும் எண்களும் என்ன சொல்கின்றன என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். நாள் பிடிப்பது வேறொன்று. டேப் உங்களுக்கு இடத்தைச் சொல்லும். எப்போது அடிப்பது, எவ்வளவு நேரம் நீட்டுவது, எந்த விரலை வைப்பது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. "டேப்பில் இருக்கிறபடியேதான் வாசிக்கிறேன், பாட்டு மாதிரியே இல்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் சுருதி. டியூனர் செயலியைத் திறந்து தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க: 6ஆவது கம்பியின் (தடித்தது) 5ஆவது ஃப்ரெட்டை (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் வரும் ஒலியும் 5ஆவது கம்பியை வெறுமனே மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற ஜோடிகளுக்கும் அதே 5ஆவது ஃப்ரெட்தான். 3ஆவது கம்பிக்கும் 2ஆவது கம்பிக்கும் மட்டும் 4ஆவது ஃப்ரெட்.

இப்போது கோடுகள். மேல் கோடு மெல்லிய கம்பி, அதாவது 1ஆவது; அடிக் கோடு தடித்த கம்பி, 6ஆவது. கிட்டாரைப் பிடிக்கும்போது தடித்த கம்பி மேலே இருப்பதால் எல்லோரும் முதல் வாரம் தலைகீழாகத்தான் படிப்பார்கள். ஒரு வழி: கிட்டாரை மடியில் வைத்து, முகப்பு கூரையைப் பார்க்கும்படி சாய்த்து, குனிந்து பாருங்கள். தடித்த கம்பி உங்கள் வயிற்றுப் பக்கம், மெல்லியது எட்டத்தில், கழுத்தின் நுனி இடப்பக்கம். தாளில் இருப்பது அந்தக் காட்சிதான். (16ஆம் நூற்றாண்டில் லூட் வாத்தியத்துக்கு இத்தாலியர்கள் எழுதிய டேப்பில் தடித்த கம்பிதான் மேல் கோடு. ஆகவே இதில் இயற்கை நியதி எதுவும் இல்லை, வெறும் வழக்கம்.)

கோட்டின் மேல் இருக்கும் எண் ஃப்ரெட்டின் எண். விரலின் எண் அல்ல. 0 என்றால் அழுத்தாமல் மீட்டுவது. 3 என்றால் 3ஆவது ஃப்ரெட்டின் உலோகத்தின் மேலேயே அல்ல, அதை ஒட்டி 2ஆவது ஃப்ரெட் பக்கமாக அழுத்த வேண்டும். தள்ளி அழுத்தினால் கரகரக்கும், சரியாக உலோகத்தின் மேல் வைத்தால் ஒலி மங்கும். 12 என்று சேர்ந்து இருந்தால் 12ஆவது ஃப்ரெட், ஒன்றும் இரண்டும் அல்ல.

இதை வாசித்துப் பாருங்கள். இணையத்தில் இடது ஓரத்தில் கம்பியின் பெயரெழுத்து இருக்கும். இங்கே கம்பியின் எண்ணைப் போட்டிருக்கிறேன்.

1|------------------------|
2|-------------------0--1-|
3|-------------0--2-------|
4|----0--2--3-------------|
5|-3----------------------|
6|------------------------|

இடமிருந்து வலம்: 5ஆவது கம்பி 3ஆவது ஃப்ரெட், 4ஆவது கம்பி வெறுமனே, அதிலேயே 2, பிறகு 3, இப்படியே போகும். 1ஆவது ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், 2க்கு நடுவிரல், 3க்கு மோதிர விரல். சரியாக வாசித்தால் ச ரி க ம ப த நி ச, சங்கராபரணத்தின் ஆரோகணம். மேற்கத்தியர்கள் சி மேஜர் ஸ்கேல் என்பார்கள். ஸ்வரம் ஏறாமல் மொத்தத்தில் கீழே இறங்கிக்கொண்டே போனால் கோடுகளைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள். 'ப'வும் 'த'வும் மட்டும் உறுத்தினால் 3ஆவது கம்பியின் சுருதியைப் பாருங்கள். அந்த இரண்டும் அதில்தான் வருகின்றன.

எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்று. ஒன்றின் நேர் கீழே ஒன்று இருந்தால் ஒரே வீச்சில் சேர்த்து. மேலிருந்து கீழே 0, 1, 0, 2, 3 என்று அடுக்கி, 6ஆவது கோட்டில் எதுவும் இல்லையென்றால் அது சி மேஜர் கார்ட். அந்த 6ஆவது கம்பியைப் பிக் (மீட்டும் வில்லை) தொடவே கூடாது. கை வேகத்தில் ஆறையும் சேர்த்து அடித்தால் கார்ட் கலங்கலாகக் கேட்கும்.

அடுத்தது தாளம். பழைய லூட் டேப்பில்கூடக் கோடுகளுக்கு மேலே கால அளவின் குறி உண்டு. யாரோ கணினியில் தட்டிப் போடும் எழுத்து டேப்பில்தான் அது காணாமல் போனது. ஆனாலும் கொஞ்சம் துப்பு கிடைக்கும். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு பார். அதில் எத்தனை எழுத்திடம் இருக்கிறது என்று எண்ணுங்கள். 4/4 தாளத்தில் (ஒரு பாருக்கு நான்கு அடி) 16 இடம் இருந்தால் ஒரு அடிக்கு நான்கு இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். அடி 1, 5, 9, 13ஆம் இடங்களில் விழும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்தாக 'த க தி மி' சொல்லிக்கொண்டே போய், எண் வரும் இடத்தில் மட்டும் மீட்டுங்கள். 17 இடம் இருந்தால் பயப்பட வேண்டாம், பாரின் தொடக்கத்தில் அழகுக்கு ஒரு கோடு சேர்த்திருப்பார்கள். 10உம் அதற்கு மேற்பட்ட எண்ணும் இரண்டு இடத்தைத் தின்றுவிடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் இடைவெளியைப் பற்றிக் கவலையே படாதவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பாட்டைக் காதால் கேட்பது ஒன்றே வழி. யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5க்குக் குறைத்துக்கொள்ளலாம், சுருதி பெரிதாக மாறாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கிட்டார் புரோ கோப்பாகக் கிடைக்கும் டேப்பை எடுங்கள். இலவசமான டக்ஸ்கிட்டார் மென்பொருளில் திறந்தால் கால அளவும் தெரியும், வாசித்தும் காட்டும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுத்து டேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைபேசியில் நிலை இன்னும் மோசம்: கோடு நீளமானால் மடங்கி விழும், எழுத்துகள் சம அகலத்தில் இல்லாவிட்டால் நேர் கீழே இருக்க வேண்டிய எண் நகர்ந்துவிடும், கார்ட் ஒன்று நான்கு தனி ஸ்வரமாகத் தெரியும். குறைந்தபட்சம் திரையைப் படுக்கையாகத் திருப்பிப் பாருங்கள்.

குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், பெரும்பாலும் அந்த நுட்பத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துதான். ஹாமர் ஆன் என்றால் முதல் ஸ்வரத்தை மட்டும் மீட்டி, அடுத்ததை இடக்கை விரலால் தட்டி ஒலிக்க வைப்பது. புல் ஆஃப் அதன் எதிர்த்திசை. இதில் விரலை நேராகத் தூக்கினால் சத்தமே வராது; பக்கவாட்டில் கம்பியைச் சுண்டிவிட்டு எடுக்க வேண்டும், கீழ் ஃப்ரெட்டில் இருக்க வேண்டிய விரல் முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். சாய்கோடு என்றால் விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போவது. அலைக்குறி நடுக்கம். பெருக்கல் குறி என்றால் விரலை லேசாக வைத்து ஒலியை அடக்கி 'டக்' என்று மட்டும் கேட்க வைப்பது.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது பெண்ட். 7க்கும் 9க்கும் நடுவே பெண்டின் எழுத்து இருந்தால் விரல் 9க்குப் போகக் கூடாது. 7ஆவது ஃப்ரெட்டிலேயே நின்று, 9ஆவது ஃப்ரெட்டின் ஸ்வரம் வரும் வரை கம்பியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். முதலில் 9ஐ மீட்டிக் காதில் ஏற்றிக்கொண்டு பிறகு தள்ளுங்கள். மோதிர விரல் தனியாகத் தள்ளாது. பின்னால் நடுவிரலும் ஆள்காட்டியும் முட்டுக்கொடுக்கட்டும். அகூஸ்டிக்கில் 12 கேஜ் (தடிமன் அளவு) கம்பி போட்டிருந்தால் முழு பெண்ட் பழகியவர்களுக்கே சிரமம். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

டேப்பின் தலைப்பில் இரண்டு விஷயத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஒன்று, டியூனிங்: டிராப் டி என்றிருந்தால் 6ஆவது கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்க வேண்டும். இன்னொன்று, கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி): 2ஆவது ஃப்ரெட்டில் கேப்போ என்றால் வழக்கமாக அதுதான் 0, அங்கிருந்தே எண்ண வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓர் இடம் மட்டும் கைக்கு எட்டவே இல்லையா? உங்கள் கையைச் சந்தேகிக்கும் முன் டேப்பைச் சந்தேகியுங்கள். கிட்டாரில் ஒரே ஸ்வரம் பல இடத்தில் இருக்கிறது. 1ஆவது கம்பியை வெறுமனே மீட்டுவதும், 2ஆவதில் 5ம், 3ஆவதில் 9ம், 4ஆவதில் 14ம் ஒன்றே. 2, 3ஆவது ஃப்ரெட்டுகளில் நடந்துகொண்டிருக்கும் வரி திடீரென்று 14க்குப் பாய்ந்து உடனே திரும்பினால், பெரும்பாலும் எழுதியவர் ஸ்வரத்தைச் சரியாகக் கேட்டு இடத்தைத் தவறாகப் போட்டிருப்பார். அதே ஸ்வரத்தைக் கைக்குப் பக்கத்தில் தேடி, டேப்பில் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.