‘ஃபிட் இன்’ என்பதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

‘ஐ ஃபிட் இன் மை நியூ ஆபீஸ்’ என்று மின்னஞ்சலில் எழுதினேன், மேலாளர் சிரித்துவிட்டார், என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். மேலாளரை மன்னித்துவிடுங்கள். ஏறக்குறைய இதே வாக்கியத்தைச் சொல்லி இதே சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. யாரோடும் ஒட்டவில்லை. ‘ஐ டோன்ட் ஃபிட் இன் திஸ் ஆபீஸ்’ என்று மனம் நொந்து சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் என் வயிற்றையும் வாசல் கதவின் அகலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோளாறு அந்த ‘இன்’னில் இருக்கிறது. நாம் அதை ஆபீஸோடு சேர்த்துவிடுகிறோம், ‘அலுவலகத்தில்’ என்ற நம் ஏழாம் வேற்றுமை நினைப்பில். அப்படிச் சேர்த்தால், நான் இந்தக் கட்டடத்துக்குள் அடங்கமாட்டேன் என்று பொருள் வரும். உண்மையில் ‘இன்’ என்பது ஃபிட்டுக்குச் சொந்தம். ‘ஃபிட் இன்’ என்று அங்கேயே வினைச்சொல் முடிந்துவிடுகிறது. இடத்தைச் சொல்ல வேண்டுமானால் புதிதாக ஓர் ‘அட்’ வேண்டும்: ‘ஐ டோன்ட் ஃபிட் இன் அட் வொர்க்.’ ஆட்களைச் சொல்ல ‘வித்’ வேண்டும்: ‘ஷி ஃபிட்ஸ் இன் வித் அஸ்.’ ‘ஹியர்’ என்றால் எதுவும் வேண்டாம், ‘ஐ ஃபிட் இன் ஹியர்’ போதும். ‘ஃபிட் இன்டு தி டீம்’ என்று ‘இன்டு’ போட்டும் எழுதலாம், ஆனால் அப்போது பின்னால் ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வர வேண்டும்.

நம்முடையது போன்ற வாக்கியத்தை ஆங்கிலேயரே பேச்சில் சொல்லிவிடுவதும் உண்டு. அழுத்தம் ‘இன்’ மேல் விழுவதால் அவர்களைக் குரல் காப்பாற்றிவிடுகிறது. நாம் ‘ஃபிட்’டை அழுத்திவிட்டு ‘இன்’னை விழுங்குகிறோம். ‘ஃபிட்டின்’ என்று ஒரே மூச்சில் சொல்லி, பின்பாதியில் குரலை உயர்த்திப் பாருங்கள். எழுத்தில் காப்பாற்றக் குரல் கிடையாது, நீங்கள் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

இப்படி இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் தருவது ஆங்கிலத்தின் கிறுக்கு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டிலும் அந்தக் கிறுக்கு ஏராளம். ஒத்துக்கொள், ஒத்துப்போ, ஒத்துவா. முன்பாதி மூன்றிலும் ஒன்றுதான். ‘அவன் தவறை ஒத்துக்கொண்டான்’ என்பது வேறு, ‘அவன் மாமனாரோடு ஒத்துப்போகிறான்’ என்பது வேறு, ‘எனக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துவரவில்லை’ என்பது முற்றிலும் வேறு. கொள், போ, வா என்பவற்றின் தனிப்பொருளை வைத்துத் தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ‘ஃபிட் இன்’னுக்கு நெருங்கிய தமிழ் கேட்டால் ‘ஒத்துப்போ’ என்பேன். அகராதியில் இருக்கும் ‘பொருந்து’ சட்டைக்கும் சாவிக்கும் சரி, மனிதருக்குச் சற்று விறைப்பு.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதை எனக்கு விளக்கியவர் அப்பா. அவர் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் படித்து, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெறும்வரை ஃபிட்டராக இருந்தவர். தொலைபேசியில் இந்தச் சொல்லைப் பற்றிப் புலம்பியபோது சொன்னார்: “இரண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைக்கச் சொல்வார்கள். முதலில் ஒரு துண்டை அளவு பார்த்து முடித்துவிடுவோம். பிறகு அதைத் தொடவே மாட்டோம். அடுத்த துண்டைத்தான் அரத்தால் ராவி ராவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீற்று ஒளிகூடத் தெரியாத அளவுக்குக் கொண்டுவருவோம்.”

ஆங்கில வாக்கியத்திலும் ராவப்படுகிற துண்டுதான் எழுவாயாக நிற்கிறது. புதிதாக வந்தவர் ‘ஃபிட் இன்’ ஆவார். அலுவலகம் ஆகாது. நாமோ, ‘எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது’ என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். தமிழில் யோசித்து ‘மை டீம் ஃபிட்ஸ் இன் வித் மீ’ என்று எழுதினால், ஊரே உங்களுக்காக வளைந்து கொடுப்பதுபோல் ஆகிவிடும். எனக்குத் தமிழின் ஏற்பாடுதான் நியாயமாகப் படுகிறது. அதற்காக ஆங்கில இலக்கணம் மாறப்போவதில்லை.

நான் ராவப்பட்ட கதை தேநீரில் தொடங்கியது. அந்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் எழுந்து, “எனி ஒன் வாண்ட் அ ப்ரூ?” என்பார். வட இங்கிலாந்தில் ‘ப்ரூ’ என்றால் தேநீர். கை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் அவரே போட்டுக் கொண்டுவந்து தருவார். என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்து மூன்று வாரம் குடித்தேன். அது ஒண்டுக்குடித்தன வீட்டு முறைவாசல் மாதிரி, எல்லோருக்கும் முறை வரும் என்பது எனக்குத் தெரியாது. யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. கடைசியில் மூத்த பெண்மணி ஒருவர் கெட்டிலைக் கண்ணால் காட்டினார். ஒன்பது பேருக்குப் போட்டேன், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பால் தூக்கலாக என்று உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு. அன்று மாலை அவர் சொன்னார்: “யூ ஆர் ஃபிட்டிங் இன் நைஸ்லி.” அந்த ‘ஃபிட்டிங்’கைக் கவனியுங்கள். நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இதற்குள் ஈறு வீங்கிப் பல் மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். வரவேற்பாளர், “வீ கேன் ஃபிட் யூ இன் அட் டென் பாஸ்ட் ஃபோர்” என்றார். பல் மருத்துவமனைகூட என்னைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறதே என்று ஒரு கணம் மயங்கினேன். இது வேறு ‘ஃபிட் இன்’. நிரம்பிக் கிடக்கும் நேரத்துக்கு நடுவே ஒருவரைச் செருகுவது. இங்கே ‘யூ’ நடுவில்தான் உட்கார வேண்டும். ‘ஃபிட் இன் யூ’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

‘செட்டில் இன்’ என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆட்களைப் பற்றியதல்ல. புது வீடும் புது வேலையும் பழகி, மூச்சு சீராவது. இரண்டாவது வாரத்தில் ஒருவர், “ஹேவ் யூ செட்டில்ட் இன்?” என்று கேட்டார். நம் ஊரில் செட்டில் ஆவது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். “இன்னும் இல்லை, அம்மா பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று பதில் சொன்னேன். ‘ப்ளெண்ட் இன்’ என்பது கூட்டத்தில் தனியாகத் தெரியாமல் கலந்துவிடுவது. ஒத்துப்போகாமலேகூட அப்படிக் கலந்துவிட முடியும்.

இறந்தகாலம் எழுதும்போது பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் ‘ஃபிட்டட் இன்’, அமெரிக்காவில் பெரும்பாலும் வெறும் ‘ஃபிட் இன்’. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கமோ அதன்படி எழுதுங்கள்.

உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றி அனுப்பலாம்: ‘ஐ ஆம் ஃபிட்டிங் இன் வெல் அட் தி நியூ ஆபீஸ்.’ சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் ‘வெல்’லை எடுத்துவிடுங்கள், மேலாளர் மறுபடி சிரிக்கக்கூடும்.